சனிக்கிழமைப் பள்ளிக்கு நடந்து வந்த பொருள்கள்

பவளத்துறையில் காணாமல் போன பொருள்கள் எல்லாம், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி, தாமாகவே நடந்து சனிக்கிழமைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. முதலில் வந்தது ஒரு குடை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஊரில் தூறல் விழுந்தே பல நாளாயிற்று, ஆனால் குடை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, ஏனென்றால் அது தொலைந்த அன்று நல்ல மழை. அது கம்பிக் கதவுக்கு வெளியே தயங்கி நிற்பதை, பள்ளியைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டித் திறக்கும் ரெபேக்கா பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வர்றதுன்னா உள்ள வா, வாசல்ல நின்னு ஈரம் பண்ணாத" என்றார். குடை உள்ளே போய் மூலையில் சாய்ந்துகொண்டது. ரெபேக்கா மறுபடியும் கூட்டத் தொடங்கினார்.

சனிக்கிழமைப் பள்ளி என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பவளம் வாங்க அந்தத் துறைமுகத்துக்கு வந்த யூத வியாபாரிகள் எப்போதோ கட்டிய சிறிய ஜெப வீடு அது. பவளம் தீர்ந்தது, கப்பல்கள் நின்றன, வியாபாரிகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், போகாமல் தங்கிவிட்ட சில குடும்பங்கள் மட்டும் மற்ற எல்லாரையும் போலத் தமிழ் பேசி, மற்ற எல்லாரையும் போல மீன் குழம்பு வைத்து, மற்றவர்களைப் போல் இல்லாமல் சனிக்கிழமை அடுப்பு மூட்டாமல் வாழ்ந்து வந்தன. அவர்களுடைய வேதமான தோரா, நீளமான தோல் சுருளில் கையால் எழுதப்பட்டது. அதை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, ஒரு வருடத்தில் முடித்து, முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் சுருளைத் திறக்க வேண்டுமானால் வயதுக்கு வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். பவளத்துறையில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அதனால் சுருள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் அச்சடித்த புத்தகத்திலிருந்து படித்து வந்தார்கள்.

படித்து முடித்ததும், கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மெனாகேம் எழுந்து, அந்த வாரத்துப் பகுதியிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பாடம் சொல்வார். பெரிய பாடம் எதுவும் அவருக்கு வராது. தாழ்ப்பாள், கீல், ஆணி என்று விற்றுப் பழகியதாலோ என்னவோ, அவருடைய பாடங்களும் கைக்குள் அடங்கும் அளவிலேயே இருந்தன. பெருவெள்ளம் வரும் வாரத்தில், "மழைக்கு முன்னாலயே ஓட்டைப் பாருங்க, பெஞ்சதுக்கப்புறம் ஊர்ல ஏணி கிடைக்காது" என்பார். அண்ணன்காரன் ஒருவன் பசி தாங்காமல் ஒரு கிண்ணம் பருப்புக் கூழுக்குத் தன் உரிமையையே தம்பிக்கு விற்ற வாரத்தில், "வெறும் வயித்தோட எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போகாதீங்க, ரெண்டு இட்லியாவது உள்ள தள்ளிட்டுப் போங்க" என்பார். நடக்க மறுத்து அடி வாங்கிய கழுதை வாய் திறந்து பேசிய வாரத்தில், "வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே உதைக்காதீங்க. அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்பார். இந்தப் பாடங்கள் உபயோகமாக இருந்ததால், மீன் விற்கிறவர்களும் பஸ் டிரைவர்களும் சனிக்கிழமை காலையில் பள்ளியின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது.

குடை வந்ததற்கு முந்தின நாள் படித்த பகுதியில், அடுத்தவனுடைய ஆடோ மாடோ வழிதப்பி அலைவதைக் கண்டால், காணாதவனைப் போல ஒதுங்கிக்கொள்ள உன்னால் ஆகாது, அவன் தேடி வரும்வரை அதை உன் வீட்டில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. மெனாகேம் அன்று வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். அந்த உற்சாகத்தில் அவர் ஒரு தவறு செய்தார். "பஸ்ல ஒரு குடை கிடந்தா கண்டக்டர்கிட்ட கொடுத்துட்டு இறங்கிடாதீங்க" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், "இந்த ஊர்ல தொலைஞ்சது எதுவா இருந்தாலும் சரி, எல்லாம் இந்த வாசலுக்கு வரட்டும், நாம வச்சுக் காப்பாத்துவோம்" என்று சொல்லிவிட்டார். கண்டெடுத்தவர்கள் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே யார் யார், எவை எவை கேட்டுக்கொண்டிருந்தன என்பது யாருக்குத் தெரியும்?

குடைக்குப் பிறகு ஒற்றைச் செருப்புகள் வந்தன, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி, தெருவையே அடைத்துக்கொண்டு. பிறகு ஒரு வெள்ளாடு, ஒரு சைக்கிள், மூக்குக் கண்ணாடிகள், சாவிக் கொத்துகள், ஒரு பித்தளைச் செம்பு, கல்யாணப் பந்தியில் காணாமல் போன கரண்டிகள், கிணற்றில் விழுந்த வாளி, கடலில் விழுந்த மோதிரம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் பல்செட்டு கடகடவென்று அடித்துக்கொண்டு படியேறி வந்தது. ஊர் ஒரு நாள் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் தன் தள்ளுவண்டியைப் பள்ளி வாசலுக்கு மாற்றிக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுத வந்தவர்களை ஏட்டையா, "எழுதி என்ன ஆகப்போவுது, அது இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும், அங்க போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பஸ் டிரைவர்கள், சாலையைக் கடக்கும் பொருள்களுக்காகப் பள்ளித் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார்கள்.

பொருளைத் திரும்பப் பெற ஒரு முறை இருந்தது. அடையாளம் சொல்ல வேண்டும். அதை மெனாகேம் யூதர்களுடைய பழைய சட்டத்திலிருந்து எடுத்துச் சொன்னார், ரெபேக்கா நடத்திக் காட்டினார். ஸ்டேஷன் மாஸ்டரை, "என்ன அடையாளம்?" என்று கேட்டபோது அவர் பதில் சொல்லப் பல் இல்லாமல் திண்டாடி, கடைசியில் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதுதான் அடையாளம்" என்றார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பித்தளைச் செம்புக்கு இரண்டு பெண்கள் வந்து, இருவருமே அதில் தங்கள் பெயர் வெட்டியிருப்பதாகச் சாதித்தார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அதில் மூன்றாவது ஒருத்தியின் பெயர் இருந்தது, அவளிடமிருந்து இரவல் வாங்கியதை இருவருமே மறந்திருந்தார்கள்.

சொந்தக்காரர் வரும்வரை பொருளைச் சும்மா போட்டு வைக்கவும் கூடாது. தொலைந்த ஆட்டுக்குத் தழை போட வேண்டும், தொலைந்த துணியை அவ்வப்போது உதறி மடிக்க வேண்டும், தொலைந்த புத்தகத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். ரெபேக்கா காலையில் ஆட்டுக்குத் தழை கட்டிவிட்டு, வேட்டி சேலைகளை உதறிவிட்டு, மத்தியானம் யாரோ தொலைத்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தொலைந்த கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கும் வேலையை, கடிகாரம் பழுதுபார்க்கும் யோசே ஏற்றுக்கொண்டார். யோசே அந்த ஒன்பது பேரில் ஒருவர்.

இன்னொரு விதியும் இருந்தது, அதுதான் பின்னால் எல்லாரையும் சிக்கலில் மாட்டிவிட்டது. தொலைத்தவர் தேடுவதை விட்டு, "அது போனது போனதுதான்" என்று நம்பிக்கையை விட்டுவிட்டால், அந்தப் பொருள் அதன் பிறகு கண்டெடுத்தவருக்குச் சொந்தம். ஆகவே ரெபேக்கா ஒவ்வொருவரிடமும் அடையாளம் கேட்டதும், "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்பார். எல்லாரும், "தேடாத நாள் கிடையாது" என்பார்கள். கிணற்று வாளிக்காரர் மட்டும், "நான் அப்பவே புதுசு வாங்கிட்டேன், இதை நீங்களே வச்சுக்குங்க" என்றார். ரெபேக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு தகரப் பெட்டிக்கும் மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றுக்கும் நடுவில் நடந்து, எப்ராயீம் வந்து சேர்ந்தார்.

எப்ராயீமை ஊருக்கே தெரியும். மார்க்கெட் சந்தில் மாவு மில் நடத்தும் சிம்ஹாவின் கணவர். பல வருடங்களுக்கு முன், அரைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினின் பெல்ட் அறுந்துவிட, "வேற பெல்ட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியவர் வரவேயில்லை. இப்போது தலை நரைத்து, அதே சட்டையில், கையில் பெல்ட் இல்லாமல், வாசலில் நின்றார்.

"எங்க இருந்தீங்க இத்தனை வருஷம்?" என்று ரெபேக்கா கேட்டார்.

"எங்கன்னு குறிப்பாச் சொல்ல முடியல. தொலைஞ்சிருந்தேன். இப்ப என்னமோ இழுத்துது, எல்லாம் கிளம்புச்சு, நானும் கிளம்பிட்டேன்" என்றார் எப்ராயீம். பிறகு, குடைகள் சாய்ந்திருந்த சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

செய்தி கேட்டு மெனாகேம் கடையைப் பூட்டாமலே ஓடி வந்தார். எப்ராயீமை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "பத்து!" என்றார். "பத்தாச்சு ரெபேக்கா! சனிக்கிழமை சுருளைத் திறக்கிறோம்!"

"எப்படிப் பத்து?" என்றார் ரெபேக்கா. "அவர் தொலைஞ்ச பொருள்ல வந்திருக்கார். சொந்தக்காரங்க வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போற வரைக்கும் பொருள்தான். பெஞ்சையும் சைக்கிளையும் பத்துல சேர்த்துக்குவீங்களா?"

மெனாகேம் வாதாடிப் பார்த்தார். தானே எடுத்துச் சொன்ன விதி என்பதால் அதிகம் வாதாட முடியவில்லை. ஆகவே ஊர் மொத்தமும் மாவு மில்லுக்கு ஓடியது.

மாவு மில்லில் சிம்ஹா, இமையெல்லாம் மாவு படிந்து, மிளகாய் அரைக்க வந்தவர்களைத் தனியாகவும் கோதுமை அரைக்க வந்தவர்களைத் தனியாகவும் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கதை இதுதான்: யூதர்களின் சட்டப்படி ஒரு திருமணம் முடிய இரண்டே வழிகள். கணவன் சாக வேண்டும், அல்லது விலக்குச் சீட்டு எழுதி, மனமொப்பி, தன் கையாலேயே மனைவியின் கையில் வைக்க வேண்டும். செத்தான் என்று சொல்ல யாரும் பார்க்கவில்லை, கையில் வைக்க ஆள் இல்லை. அதனால் சிம்ஹா இத்தனை வருடமும் மனைவியாகவும் இல்லாமல், விதவையாகவும் இல்லாமல், நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கடிகாரக்காரர் யோசே அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினார், அவளுக்கும் அதில் இஷ்டம் என்பது ஊரறிந்தது. யோசே ஒண்டிக்கட்டை. ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை கோதுமை அரைக்க வருவார். அவர் வீட்டுக் கூரையில் உட்காரும் காக்கைகள் சப்பாத்தி தின்றே கொழுத்திருந்தன.

"சிம்ஹா! ஒன் மாப்பிள்ளை வந்துட்டார்டீ!" என்று மிளகாய் வரிசையிலிருந்து ஜொஹரா ராத்தா கத்தினாள். அவள் அடுத்த வீட்டு முஸ்லிம் அக்கா, சிம்ஹாவுக்கு உற்ற தோழி.

சிம்ஹா மில்லை நிறுத்தவில்லை. "பெல்ட் வாங்கிட்டு வந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல போலருக்கு."

"வராட்டிப் போவுது. ஒரே ஒரு காரியம்தான் வேணும் ராத்தா. சீட்டை எழுதி என் கையில வச்சிட்டு, அப்புறம் அவர் தொலையறதுன்னா தாராளமாத் தொலையட்டும்."

அன்று சாயங்காலம் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பெஞ்சுக்கு முன்னால் நின்று, நல்ல தெளிவான குரலில், தனக்கு விலக்குச் சீட்டு வேண்டும் என்றாள். எப்ராயீம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெனாகேம் மறுபடி மறுபடி கேட்டதும், வெளியே பார்த்தபடியே, "நான் பொருள். பொருள் எப்படிச் சீட்டுக் கொடுக்கும்?" என்றார்.

"பேசுதே பொருள்!" என்றாள் ஜொஹரா.

"அதோ அந்தக் கடிகாரமும்தான் மணியடிக்குது" என்றார் எப்ராயீம்.

ரெபேக்கா முறைப்படி சிம்ஹாவின் பக்கம் திரும்பினார். "சரிம்மா. அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போ. வீட்டுக்குப் போனதும் ஆளாயிடுவார், அப்புறம் கேட்டு வாங்கிக்க. ஆனா முதல்ல இதைச் சொல்லு. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கியா?"

ஜொஹரா அவள் முழங்கையைக் கிள்ளி, "ஆமான்னு சொல்லித் தொலையேன்" என்று கிசுகிசுத்தாள். யோசே ஒரு கடிகாரத்துக்குத் தேவைக்கு மேல் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றாள் சிம்ஹா. "புது பெல்ட்டை நானே போய் வாங்கிட்டு வந்து மாட்டின அன்னைக்கே விட்டுட்டேன்."

விதி விதிதான். நம்பிக்கையை விட்டுவிட்டதால் எப்ராயீம் அக்கணமே, கண்டெடுத்தவரான ரெபேக்காவுக்குச் சொந்தமானார். "எனக்கு எதுக்கு இவர்?" என்று ரெபேக்கா அலுத்துக்கொண்டார். "ஆடாவது பால் கறக்கும்." ஆனால் பராமரிக்காமல் விடக் கூடாது என்பதால், வேளாவேளைக்குச் சோறு போட்டார், துணிகளை உதறும்போது எப்ராயீமையும் எழுப்பி நிறுத்தி உதறினார்.

வெளியே வந்ததும் ஜொஹரா திட்டினாள். "ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்? மில்லுல மட்டும், கரன்ட் இல்ல நாளைக்கு வாங்கன்னு தினம் சொல்றியே?"

"அது மில்லுல. இதைச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்னு வை, அப்புறம் அவரு ‘தேடிக்கிட்டுத்தானே இருந்தே, எதுக்கு இப்பச் சீட்டு’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"



எப்ராயீமோ நாளுக்கு நாள் பொருளாக இருப்பதில் தேறினார். யாராவது வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வதில்லை. பெஞ்சை நகர்த்தும்போது அதோடு சேர்ந்தே நகர்ந்தார். தோளில் யாரோ ஒருவர் துண்டைத் தொங்கவிட்டுப் போனால், அது அடுத்த நாள்வரை அங்கேயே தொங்கியது. பெல்ட், மில், பெண்டாட்டி, கேள்வி, பதில் எதுவும் இல்லாத அந்த வாழ்க்கை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்பது முகத்திலேயே தெரிந்தது. யோசே விரக்தியில் தினமும் கோதுமை அரைக்க வந்தார். காக்கைகள் பறக்கச் சிரமப்பட்டன. சனிக்கிழமைகள் போய்க்கொண்டேயிருந்தன, பகுதிகள் மாறின, மெனாகேம் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பெஞ்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஒன்பது பேர் ஒன்பது பேராகவே இருந்தார்கள்.

ஐப்பசி பிறந்தபோது, கையால் தொடக்கூடிய பொருள்கள் ஏறக்குறைய வந்து தீர்ந்துவிட்டன. அதன் பிறகு மற்றவை வரத் தொடங்கின. ஜவுளிக்கடை முதலாளி சர்க்கரை வியாதி வந்த நாளில் தொலைத்த பசி வந்து, ரெபேக்காவின் வாழைப்பழத் தார் முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒருவரின் தூக்கம் வந்து, குடைகளுக்கு நடுவில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது, அதைத் தாண்டித்தான் எல்லாரும் நடக்க வேண்டியிருந்தது. மாதா கோவிலில் பாடிக்கொண்டிருந்த ஒருத்தியின் குரல் ஜன்னல் வழியாக வந்து, உட்கார இடம் இல்லாமல் உத்தரத்தில் தங்கியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், தூக்கத்துக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. பசியின் அடையாளமாக முதலாளி, "எண்ணெய்ப் பலகாரம்னா விடாது" என்றார், ரெபேக்கா தலையாட்டினார்.

அந்த வாரத்தில்தான், உச்சி வெயிலில், மார்க்கெட் சந்திலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு நடந்து வந்தது. இன்னொரு தட்டால் மூடியிருந்தது. இடுக்கிலிருந்து ஆவி பறந்தது. படியேறி உள்ளே வந்து, சுற்றுமுற்றும் பார்ப்பது போல் நின்று, பெஞ்சில் எப்ராயீமுக்கு அருகே ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாங்காய் போட்ட மீன் குழம்பின் வாசனை பள்ளி முழுவதும் பரவியது. ரெபேக்கா மூடியைத் திறக்காமல், "யாரோடது? அடையாளம் சொல்லுங்க" என்று கூவினார். அன்று மத்தியானம் பவளத்துறையில் பாதிப் பேர் அந்தத் தட்டைத் தொலைத்திருந்தார்கள். ஏட்டையா உள்ளே முட்டை இருக்கிறது என்றார். டீக்கடைக்காரர் பரோட்டா என்றார். டிரைவர்களில் ஒருவர் வாசனையை மோந்து, "மீன்தான், ஆனா என்ன மீன்னு மறந்துபோச்சு, தொலைஞ்சு ரொம்ப நாளாச்சுல்ல" என்றார். கவிழ்த்துப் பெயர் பார்க்கலாம் என்றால் குழம்பு கொட்டிவிடும். யார் சொன்னதும் பொருந்தவில்லை. தட்டு அங்கேயே இருந்தது.

இரவானது, விடிந்தது, தட்டு ஆறவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அப்படியே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஆவி முழுவதும் எப்ராயீமின் வலது முழங்காலில் பட்டது. பொருள் என்பதால் அவர் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. வேட்டிக்கடியில் முழங்கால் சிவந்து போயிற்று. எப்ராயீம் ஜன்னலைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், தூங்கிக்கொண்டிருந்த தூக்கத்தைப் பார்த்தார், தட்டை மட்டும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்து ரெபேக்கா கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா வேர்க்குது?"

எப்ராயீம் மெல்ல, "அது விளிம்புல ஒரு இடத்துல நசுங்கியிருக்கும் பாருங்க" என்றார். "மெஷின் கால் ஆடுதுன்னு நான்தான் அதை வச்சு முட்டுக் கொடுத்தேன். அவ திட்டித் தீர்த்தா. அதுக்கப்புறம் எனக்கு அதுலதான் சோறு போடுவா, நசுங்குனதைத் தின்னுங்கன்னு."

ரெபேக்கா விளிம்பைத் தடவிப் பார்த்தார். நசுங்கியிருந்தது.

"அடையாளம் சொல்றது சொந்தக்காரங்க வேலை" என்றார். "நீங்க சொந்தக்காரரா?"

"இல்ல. சொந்தக்காரி யாருன்னு தெரியும்."

"பொருளுக்கு அதெல்லாம் தெரியக்கூடாதே."

"தெரியுதே" என்றார் எப்ராயீம். "பார்க்காத மாதிரி இருந்து பார்த்தேன் ரெபேக்கா அக்கா. ஆகல. நான் கண்டுட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தார். பெஞ்சு அவரோடு எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார், சூடு தாளாமல் உதறினார், தோளில் யாரோ போட்டிருந்த துண்டை எடுத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டார், படியிறங்கினார். கடைத்தெருவில் அவர் நடந்து போவதைப் பார்த்து மெனாகேம் தராசில் ஆணியைப் பாதி போட்டபடியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். ரெபேக்கா, ஏட்டையா, டிரைவர்கள், விடாத பசியோடு ஜவுளிக்கடை முதலாளி என்று எல்லாரும் பின்னால் நடந்தார்கள்.

மாவு மில்லில் யோசே அப்போதுதான் தன் கோதுமைப் பையை நீட்டிக்கொண்டிருந்தார். சிம்ஹா எப்ராயீமைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மெஷினை நிறுத்தினாள். பவளத்துறை மார்க்கெட் சந்தில் பகல் நேரத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை.

"இது ஒன்னோடது" என்றார் எப்ராயீம். "தொலைஞ்சு வந்திருக்கு."

"நான் எதையும் தொலைக்கலை."

"அடையாளம் சொல்லு. சும்மா கொடுக்க முடியாது. விதி."

சிம்ஹாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது மாவுக்குள்ளும் தெரிந்தது. "அடையாளமா? எனக்கேவா?" என்றாள். "மூடியைத் திறக்காமலே சொல்றேன் கேட்டுக்குங்க. சோறு. பாறை மீன் குழம்பு, மாங்காய் போட்டது. ஓரத்துல ஒரு கரண்டி வெண்டைக்காய். குழம்புல உப்பு குறைச்சல், ஏன்னா அழுதுக்கிட்டே வச்சேன், உப்புப் போட்டாச்சுன்னு நினைச்சுட்டேன். நீங்க போனதிலேருந்து தினம் ராத்திரி வச்சு மூடி, தினம் காலையில எடுத்துக் கொட்டினேன். இது கடைசியா வச்சது. அடுத்த நாள் நான் போய் பெல்ட் வாங்கிட்டு வந்தேன். அப்புறம் வைக்கல."

எப்ராயீம் மூடியைத் திறந்து பார்த்தார். வெண்டைக்காய் ஓரத்தில் இருந்தது.

"தெருக்கோடியிலேருந்து தூக்கிட்டு வர்றதுக்குள்ள கை வெந்துபோச்சு" என்றார் மெதுவாக. "இதையா இத்தனை நாளும் நீ தூக்கி வச்சுக்கிட்டிருந்தே?"

"கீழ வச்சுட்டேன். அதனாலதான் தொலைஞ்சுது" என்றாள் சிம்ஹா.

அவள் முந்தானையை இரண்டாக மடித்துக் கையை நீட்டினாள். அவர் தட்டை அவள் கையில் வைத்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மெனாகேம் துள்ளினார். "கண்டெடுத்தான்! திருப்பிக் கொடுத்தான்! பொருள் இதைச் செய்யுமா? ரெபேக்கா, இப்ப என்ன சொல்றே? ஆளா, இல்லையா?"

"ஆள்தான்" என்று ரெபேக்கா ஒப்புக்கொண்டார். "என் உரிமையை நான் விட்டுட்டேன்."

சிம்ஹா தட்டை மெஷினின் மேல் வைத்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினாள். "கையில வைக்கத் தெரியுதுல்ல? இன்னொண்ணு இருக்கு. அதையும் வைங்க."

மெனாகேம் துள்ளுவதை நிறுத்திவிட்டு, மனமொப்பித்தான் கொடுக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார், அப்படித்தான் கேட்க வேண்டும். எப்ராயீம் மூன்று முறையும் ஆமாம் என்றார், மூன்றாம் முறை சத்தமாகவே சொன்னார். சீட்டு எழுதத் தெரிந்தவர் மெனாகேம் ஒருவர்தான். அவர் அரிசி மூட்டை மேல் பலகை போட்டு, வரி பிசகாமல், மை தொட்டுத் தொட்டு எழுதி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை அரைக்க வந்தவர்களில் ஒருவரும் தங்கள் டின்களைக் கேட்கவில்லை. பெயர்கள் சரியா என்று படித்துப் பார்த்து, சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டதும், எப்ராயீம் சீட்டை எடுத்துச் சிம்ஹாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"நான் இப்ப எங்க போறது?" என்று எப்ராயீம் பொதுவாகக் கேட்டார்.

"பெஞ்சு கிடையாது, அது பொருளுக்கு" என்றார் ரெபேக்கா. "வாடகைக்கு ஒரு ரூம் பாருங்க. ஏதாவது வேலை பாருங்க. சனிக்கிழமை காலையில குளிச்சிட்டு நேரத்துக்கு வந்துடுங்க, நீங்க வந்தாத்தான் சுருளைத் திறக்கலாம்."

கூட்டம் கலைந்தது. யோசே மட்டும் கோதுமைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அரைக்கச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று தெரியாமல் நின்றார்.

"நாளைக்கு" என்றாள் சிம்ஹா. "இன்னைக்கு மில் லீவு. ரெண்டையும் நாளைக்கு வந்து சொல்லுங்க."

அவர் போனதும் அவள் கையைக் கழுவிக்கொண்டு, மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோற்றில் இன்னும் ஆவி பறந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். பக்கத்தில் குந்தியிருந்த ஜொஹரா, தன் வீட்டிலிருந்து எடுத்து வந்த உப்பு டப்பாவைத் திறந்து நீட்டினாள். சிம்ஹா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, அவசரமில்லாமல், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.